அப்புறம்? எப்படி? – வாண்டுமாமாவின் எழுத்துலகம்

நுழையும்முன்

கதை கேட்கும் குழந்தை இரண்டு வினாக்களை ஓயாமல் எழுப்பும். ஒன்று, 'அப்புறம்?' மற்றொன்று, 'எப்படி?' முதல் வினா கற்பனையின் வாயில். இரண்டாவது வினா அறிவின் வாயில். இவ்விரு வினாக்களுக்கும் விடை சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் ஒருவர் தமிழில் இருந்தார். மாயமும் மந்திரமும் நிறைந்த கதைகளை எழுதிய அதே கையால் மருத்துவத்தின் வரலாற்றையும், அன்றாடப் பொருள்கள் தோன்றிய வரலாற்றையும் எழுதியவர் அவர். கதைப்புத்தகத்தை மூடிவிட்டுப் பாடப்புத்தகத்தை மட்டும் திறக்கவேண்டிய வயது வந்துவிட்டதாக எண்ணும் பருவத்தில் நிற்கும் நாம், அவருடைய வாழ்வையும் எழுத்தையும் அறிந்துகொள்வோம்.

ஊரும் காலமும்

செட்டிநாடு என்றதும் அகன்ற தெருக்களும், இரு தெருக்களுக்கு இடையே நீளும் பெரிய வீடுகளும் நம் நினைவிற்கு வரும். கண்டரமாணிக்கம், இராயவரம், அரிமளம் எனப் பல ஊர்களைக் கொண்டது அந்நிலப்பகுதி. அவற்றுள் சில இன்று சிவகங்கை மாவட்டத்திலும் சில புதுக்கோட்டை மாவட்டத்திலும் உள்ளன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர்களிலிருந்து ஆடவர் பலர் பொருளீட்டுவதற்காகப் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குச் சென்றிருந்தனர். வீட்டில் குழந்தைகளுக்கு ஆயாவும் அப்பத்தாவும் கதை சொன்னார்கள். கடல்கடந்து சென்றவர்களைப் பற்றிய செய்திகளும், ஏழு கடல் ஏழு மலை தாண்டிய இளவரசர்களின் கதைகளும் ஒரே முற்றத்தில் பேசப்பட்டன.

இத்தகைய ஊர்களுள் ஒன்றாகிய அரிமளத்தில் 1925 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 அன்று பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. இவரே பிற்காலத்தில் 'வாண்டுமாமா' என்னும் பெயரால் தமிழ்க் குழந்தைகளின் உள்ளத்தில் இடம்பிடித்தவர்.

அவர் பிறந்த காலத்தில் அரிமளம் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. சுற்றிலும் இருந்த மாவட்டங்களை ஆங்கிலேயர் நேரடியாக ஆண்டபோதும், புதுக்கோட்டையில் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி நடந்தது. 1928 ஆம் ஆண்டில் அரியணையேறிய இராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது வயது ஆறு. அரிமளத்தில் அந்நாளில் மூன்று வயதுக் குழந்தையாக இருந்த கிருஷ்ணமூர்த்தியைவிட அவ்வரசர் மூன்று ஆண்டுகளே மூத்தவர். அரண்மனையும் அரசனும் பிற ஊர்ச் சிறுவர்களுக்குக் கதையில் மட்டுமே வாழ்ந்த காலத்தில், புதுக்கோட்டைச் சீமைச் சிறுவர்களுக்கு அவை கண்முன் இருந்த நடப்புகள். 1948 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் இச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது.

குழந்தை இலக்கிய வரலாற்றிலும் இப்பகுதிக்குத் தனியிடம் உண்டு. 'குழந்தைக் கவிஞர்' எனப் போற்றப்படும் அழ. வள்ளியப்பா 1922 இல் பிறந்த இராயவரம், அரிமளத்திற்கு அண்டை ஊர். விடுதலைக்கு முன்னும் பின்னுமான ஆண்டுகளில் புதுக்கோட்டையிலிருந்து சிறுவர் இதழ்கள் பல வெளிவந்தன. தேவகோட்டையில் பிறந்து சென்னையில் வானதி பதிப்பகத்தை நிறுவிய திருநாவுக்கரசு, பின்னாளில் வாண்டுமாமாவின் நூல்கள் பலவற்றை வெளியிட்டார். எழுதுவோரும் அச்சிடுவோரும் வெளியிடுவோரும் அருகருகே தோன்றிய மண் அது.

மாயப்புனைவு என்பது யாது?

உலகில் காண இயலாத ஒன்றைக் காணக்கூடியதுபோல் படைத்துக்காட்டும் கதையை மாயப்புனைவு எனலாம். பறக்கும் மனிதன், பேசும் விலங்கு, மறையும் மாளிகை ஆகியன அதன் பொருள்கள். இவ்வகை இலக்கியம் மேலைநாட்டிலிருந்து வந்தது என்று சிலர் கருதுவதுண்டு. தமிழ் இலக்கியத்தை ஊன்றிப் படிப்போர் அக்கருத்தை ஏற்கமாட்டார்கள்.

மணிமேகலைக் காப்பியத்தில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி வருகிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் அரசி விசயைக்காகச் செய்வித்த மயிற்பொறி வானில் பறக்கிறது. மக்கள் வழக்கில் விக்கிரமாதித்தன் கதைகளும் மதனகாமராசன் கதைகளும் பல தலைமுறைகளாக உலவிவருகின்றன.

இக்கதைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். மாயம் எங்கும் கட்டுப்பாடின்றி வருவதில்லை. அமுதசுரபி மணிமேகலையின் கையில் கிடைத்தவுடனே வேலை செய்வதில்லை. கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட்ட பின்னரே அது வற்றாத கலமாகிறது. மயிற்பொறியை ஒருபுறம் திருகினால் அது மேலெழும். மறுபுறம் திருகினால் கீழிறங்கும். விக்கிரமாதித்தன் விடை தெரிந்தும் வாய்திறவாதிருந்தால் அவன் தலை வெடித்துவிடும். வாய்திறந்தால் வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும்.

ஆகவே, மாயப்புனைவின் உயிர்நாடி அதன் விதியில் இருக்கிறது. எதுவும் நடக்கலாம் என்றால் எதைப்பற்றியும் நமக்கு அச்சமோ ஆவலோ தோன்றாது. இது நடக்கும், இது நடக்காது என்று ஆசிரியர் ஒரு வரம்பை வகுத்து, அவ்வரம்பைத் தாமும் மீறாதிருக்கும்போதுதான் கதைமாந்தருக்கு நேரும் இடர், படிப்போருக்கும் இடராகிறது. குழந்தைகள் இதில் மிகக் கண்டிப்பானவர்கள். முதல் அத்தியாயத்தில் 'மூன்று முறைதான் பலிக்கும்' என்று சொல்லப்பட்ட மந்திரம் ஆறாம் அத்தியாயத்தில் நான்காம் முறை பலித்தால், அதனை முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்களே.

தெரிந்து தெளிவோம்

1947 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். இவ்விதழ் பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் வெளிவந்தது. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனின் புகழ்பெற்ற ஓவியத்தை வரைந்தவர் 'சங்கர்' என்னும் பெயரில் வரைந்த கே. சி. சிவசங்கரன்.

வாண்டுமாமா என்னும் பெயர்

கிருஷ்ணமூர்த்தி இளமையிலேயே எழுத்திலும் ஓவியத்திலும் நாட்டம் கொண்டிருந்தார். கௌசிகன், விசாகன், சாந்தாமூர்த்தி எனப் பல புனைபெயர்களில் எழுதினார். பெரியவர்களுக்கான கதைகளைக் கௌசிகன் எழுதினார். 'பாமினிப் பாவை' என்னும் வரலாற்றுப் புதினம் அப்பெயரில் வந்ததே. குழந்தைகளுக்கு எழுதும்போது அவர் வாண்டுமாமா ஆனார்.

'வாண்டு' என்பது குறும்பு செய்யும் சிறுவரைச் செல்லமாகச் சுட்டும் பேச்சுவழக்குச் சொல். 'மாமா' என்பது உறவுப்பெயர். நம் குடும்பங்களில் தந்தையிடம் அச்சம் கலந்த மதிப்பு இருக்கும். தாய்மாமனிடம் உரிமை கலந்த நெருக்கம் இருக்கும். ஊரிலிருந்து வரும்போது தின்பண்டமும் விளையாட்டுப்பொருளும் கொண்டுவருபவர் மாமன். திருவிழாவில் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டுபவரும் அவரே. அறிவுரை கூறும் பெரியவராக நிற்காமல், குறும்புக்குத் துணைபோகும் உறவினராக வந்து நிற்கும் உறவை அப்பெயரே ஏற்படுத்திவிட்டது. ஆசிரியரின் பெயரை உச்சரிக்கும்போதே அவரை உறவு சொல்லி அழைத்துவிடுகிறது குழந்தை.

ஒரே மனிதர் இரு பெயர்களில் இருவகை வாசகர்களுக்கு எழுதியது வெறும் வசதிக்கானதன்று. பெரியவர்களுக்கு எழுதும்போது வருணனை நீளலாம், சொல் கடினமாகலாம், கதை நின்று யோசிக்கலாம். குழந்தைக்கு எழுதும்போது சொற்றொடர் குறுகவேண்டும். நிகழ்ச்சி விரைந்து நகரவேண்டும். அதேவேளை மொழி கொச்சையாகிவிடவும் கூடாது. கௌசிகன், வாண்டுமாமா என்னும் இரு பெயர்களும் இவ்விருவகை ஒழுங்கை அவருக்கே நினைவூட்டும் அடையாளங்களாக அமைந்தன.

இதழ்ப் பணி

1941 இல் ரா. கிருஷ்ணமூர்த்தியும் தி. சதாசிவமும் தொடங்கிய 'கல்கி' இதழில் வாண்டுமாமா நெடுங்காலம் பணியாற்றினார். அந்நிறுவனத்திலிருந்து 1972 இல் 'கோகுலம்' என்னும் சிறுவர் இதழ் தோன்றியபோது அதனை வளர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னாளில் அழ. வள்ளியப்பா இவ்விதழின் கௌரவ ஆசிரியராக விளங்கினார். அண்டை ஊர்களில் பிறந்த இருவரின் உழைப்பும் இவ்வாறு ஒரே இதழில் சேர்ந்தது. ஒருவர் பாட்டாலும் மற்றவர் கதையாலும் குழந்தைகளை வளர்த்தனர்.

இதழில் எழுதுவது நூல் எழுதுவதினும் வேறானது. நூலாசிரியர் முடிவை எழுதிவிட்டுத் தொடக்கத்தைத் திருத்தலாம். தொடர்கதையாசிரியருக்கு அவ்வாய்ப்பு இல்லை. முதற்பகுதி அச்சேறி வாசகர் கைக்குச் சென்றுவிடும். அதில் சொன்னதை இனி மாற்ற இயலாது. ஒவ்வொரு பகுதியும் குறித்த பக்கங்களுக்குள் அடங்கவேண்டும். தன்னளவில் நிறைவு தரவேண்டும். அதன் இறுதியில் அடுத்த இதழ் வரும்வரை குழந்தை நெஞ்சில் சுமந்திருக்கத்தக்க ஒரு வினாவையும் விட்டுச்செல்லவேண்டும். பாட்டி சொல்லும் கதையில் 'அப்புறம்?' என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். இதழில் 'தொடரும்' என்னும் ஒரு சொல் அவ்விடையை நாள்கணக்கில் தள்ளிவைக்கிறது. அந்தக் காத்திருப்பில் குழந்தையும் தன் மனத்தில் கதையை எழுதிப்பார்க்கிறது. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் 'அடுத்து என்னவாகும்?' என்று தோழரோடு வாதிடுகிறது. வாசகரைப் படைப்பாளராக்கும் பயிற்சி அது.

வாண்டுமாமாவின் மற்றொரு களம் சித்திரக்கதை. பலே பாலு, ஓநாய்க்கோட்டை, கனவா? நிஜமா?, கழுகு மனிதன் ஜடாயு முதலிய சித்திரக்கதைகள் இன்றும் பலரால் நினைவுகூரப்படுகின்றன. சித்திரக்கதையில் எழுத்தாளரும் ஓவியரும் ஒரே ஏரில் பூட்டிய இரு காளைகளைப் போன்றவர்கள். எழுத்தாளர் முதலில் கதையைக் கட்டங்களாகப் பிரிக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார், முகத்தில் என்ன உணர்வு என்பதை ஓவியருக்கு எழுதித்தருகிறார். படத்தில் தெரிவதை மீண்டும் சொல்லில் எழுதுதல் வீண். 'வாள் உடைந்தது' என்பதைப் படம் காட்டிவிடும். உடைந்த வாளைப் பார்த்து வீரன் என்ன நினைத்தான் என்பதைச் சொல் கூறவேண்டும். எதைப் படத்திற்கு விடுவது, எதைச் சொல்லுக்கு வைத்துக்கொள்வது என்று பிரிக்கத் தெரிந்தவரே சித்திரக்கதை எழுத இயலும். தாமே ஓவியத்தில் நாட்டம் கொண்டிருந்தமை வாண்டுமாமாவுக்கு இப்பணியில் பெருந்துணையாயிற்று. ஓவியர் செல்லம் போன்ற தேர்ந்த ஓவியர்களின் தூரிகை அவருடைய மாந்தர்களுக்கு உருவம் தந்தது.

அவர் சூட்டிய தலைப்புகளும் எண்ணிப்பார்க்கத்தக்கன. 'கனவா? நிஜமா?' என்பது ஒரு கதையின் தலைப்பு மட்டுமன்று. மாயப்புனைவைப் படிக்கும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினாவும் அதுவே. 'கழுகு மனிதன் ஜடாயு' என்னும்போது, இராமகாதையில் சீதையைக் காக்கப் போராடி வீழ்ந்த பறவையரசனின் நினைவு குழந்தைக்கு எழும். சிறகுடைய மனிதன் என்னும் புதுக்கற்பனை, பாட்டி சொன்ன பழங்கதையின் பெயரைத் தாங்கி வருகிறது. எனவே அது அயலாகத் தோன்றுவதில்லை. பழமையின் வேரில் புதுமையை ஒட்டவைக்கும் இம்முறை தமிழ் மாயப்புனைவுக்கு அவர் காட்டிய வழிகளுள் ஒன்று.

பூந்தளிரும் பெயர் சூட்டும் கலையும்

1984 இல் பைகோ நிறுவனம் 'பூந்தளிர்' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியபோது வாண்டுமாமா அதன் ஆசிரியரானார். 1980களில் பள்ளிச் சிறுவராக இருந்த பலருக்குப் பூந்தளிர் நினைவில் நிற்கும் இதழ். ஆனந்த் பை 1980 இல் தொடங்கிய ஆங்கிலச் சிறுவர் இதழாகிய டிங்கிளில் வந்த படக்கதைகள் பலவும் இவ்விதழில் தமிழ் பேசின.

அம்மொழிபெயர்ப்பில் தமிழ் மாணவர்களாகிய நாம் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஷிக்காரி ஷம்பு' என்று அழைக்கப்பட்ட அஞ்சாநெஞ்சன்போல் நடிக்கும் வேட்டைக்காரன், தமிழில் 'வேட்டைக்கார வேம்பு' ஆனான். 'காலியா' என்னும் காகம் 'காக்கை காளி' ஆயிற்று. மூலப்பெயரின் பொருளை மட்டும் பெயர்த்திருந்தால் அதன் ஓசை போயிருக்கும். ஓசையை மட்டும் அப்படியே வைத்திருந்தால் பெயர் நம் ஊரினதாக இராது. 'வேட்டைக்கார வேம்பு' என்பதில் வே – வே என மோனை அமைந்து, மூலத்தின் ஓசைநயம் காக்கப்படுகிறது. வேம்பு நம் ஊர்ப்பெயராகவும் இருக்கிறது. பலே பாலு, வீர விஜயன் என வாண்டுமாமா தம் சொந்தப் படைப்புகளுக்குச் சூட்டிய பெயர்களிலும் இம்மோனை நயத்தைக் காணலாம். யாப்பிலக்கணத்தில் நாம் படிக்கும் தொடைநயம் சிறுவர் படக்கதையின் பெயரிலும் தொழிற்படுகிறது என்பதை இது காட்டுகிறது.

இவ்விதழில் வந்த மற்றொரு மாந்தனாகிய சுப்பாண்டியின் வரலாறு இன்னும் சுவையானது. சொன்னதைச் சொன்னபடியே செய்து குழப்பம் விளைவிக்கும் அப்பாவியான அவன், தமிழ்நாட்டு வாய்மொழிக் கதைகளிலிருந்து ஆங்கில இதழுக்குச் சென்றவன். அவன் பூந்தளிரின் வழியே மீண்டும் தமிழுக்கே திரும்பிவந்தான்.

மாயக்கதையும் அறிவுநூலும்

வாண்டுமாமா எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றைப் பட்டியலிட்டுப் பார்ப்பவர் ஒரு வியப்பை அடைவர். ஒருபுறம் மந்திரவாதிகளும் மாய மாளிகைகளும் உலவும் கதைகள். மறுபுறம் 'தோன்றியது எப்படி?', 'மருத்துவம் பிறந்த கதை' போன்ற அறிவுநூல்கள். இவ்விரண்டையும் எழுதியவர் ஒருவர்தாமா என்று ஐயுறத் தோன்றும்.

மாயக்கதைகள் குழந்தைகளை மூடநம்பிக்கையில் ஆழ்த்தும் என்று கருதுவோர் உண்டு. இது எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. மந்திரத்தால் நோய் தீரும் என்று ஒரு குழந்தை உண்மையாகவே நம்பிவிட்டால் அதனால் தீங்கு விளையும். அதற்கு வாண்டுமாமாவின் நூல்வரிசையே விடையளிக்கிறது. மந்திர மூலிகை உயிர்ப்பிக்கும் கதையைப் படித்த சிறுமி, அடுத்து 'மருத்துவம் பிறந்த கதை'யைக் கையில் எடுக்கிறாள். நோயை வெல்ல மனிதர்கள் எத்தனை தலைமுறை உழைத்தார்கள் என்பதை அங்கே அறிகிறாள். இறந்தவர் எழுவது கதையில்; இறப்பைத் தள்ளிப்போட மனிதர் செய்த முயற்சி வரலாற்றில். இரண்டையும் அறிந்த குழந்தை ஒன்றை மற்றொன்றாக மயங்காது.

மேலும், அறிவியல் வினாவுக்கு விதையாக இருப்பதும் கற்பனையே. பறக்கும் மயிற்பொறியைப் பற்றிக் கேட்ட குழந்தைதான் 'உண்மையில் அப்படி ஒன்று செய்ய முடியுமா? எப்படி?' என்று கேட்கும். அக்கேள்விக்கு விடைதேடிச் செல்லும்போது அது கதையிலிருந்து அறிவியலுக்குள் நுழைகிறது. 'அப்புறம்?' என்னும் வினா 'எப்படி?' என்னும் வினாவாக முதிரும் இடம் அது. ஒரு வினாவுக்கு மட்டும் விடைசொல்லி மற்றதைப் பிறரிடம் விட்டுவிட வாண்டுமாமா விரும்பவில்லை.

உலக இலக்கியத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1865 இல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையை எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். 'ஹாபிட்' (1937), 'மோதிரங்களின் தலைவன்' (1954–55) ஆகிய பெரும் மாயப்புனைவுகளைப் படைத்த ஜே. ஆர். ஆர். டோல்கின், பழைய ஆங்கிலமொழி ஆய்வில் தேர்ந்த பேராசிரியர். தம் கதையுலகத்திற்கென நிலப்படம் வரைந்தார். மொழிகளையே இலக்கணத்தோடு உருவாக்கினார். கற்பனை உலகை எழுப்புவதற்கு நடப்புலகைப் பற்றிய ஆழ்ந்த அறிவு வேண்டும் என்பதை இவர்களின் வாழ்க்கை உணர்த்துகிறது.

எதிர்நீச்சல்

கரோலையும் டோல்கினையும் அவர்தம் நாட்டினர் பெரும் படைப்பாளர்களாகக் கொண்டாடுகின்றனர். தமிழில் குழந்தை எழுத்தாளருக்கு அத்தகைய நிலை எளிதில் வாய்க்கவில்லை. குழந்தைகளுக்கு எழுதுவது எளிது என்றும், பெரியவர்களுக்கு எழுதுவதற்கு முன் செய்யும் பயிற்சி அது என்றும் பலர் எண்ணினர். சிறுவர் நூல்களைப் பற்றித் திறனாய்வாளர்கள் எழுதுவது அரிது. வாசகர்கள் வளர்ந்ததும் நூலை மறந்துவிடுவர். மறந்த நூலின் ஆசிரியரையும் மறந்துவிடுவர். ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிய வாசகர்களிடம் தம்மை மீண்டும் அறிமுகப்படுத்திக்கொள்ளவேண்டிய நிலையில் இருப்பவர் குழந்தை எழுத்தாளர்.

நிலைமையை மாற்ற முயன்றவர்களும் உண்டு. 1950 இல் அழ. வள்ளியப்பா முதலியோரின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. ஆயினும் ஏற்பு மெதுவாகவே வந்தது. சாகித்திய அகாதெமி 1955 முதல் இந்திய மொழிப் படைப்புகளுக்கு ஆண்டுதோறும் விருது வழங்கிவருகிறது. சிறுவர் இலக்கியத்திற்கென அது 'பால சாகித்திய புரஸ்கார்' என்னும் தனிவிருதை வழங்கத் தொடங்கியது 2010 ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டில் வாண்டுமாமாவுக்கு அகவை 85. அவ்விருது அவரை வந்தடையவில்லை.

இத்தகைய சூழலில், இதழ்ப்பணியின் நெருக்கடிகளுக்கிடையே, வாழ்நாள் முழுதும் குழந்தைகளுக்காக எழுதுவது ஆற்றின் போக்கை எதிர்த்து நீந்துவதற்கு ஒப்பானது. தம் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய நூலுக்கு அவர் 'எதிர்நீச்சல்' என்றே பெயரிட்டார். 2014 ஆம் ஆண்டு சூன் 12 அன்று, தமது 89 ஆம் அகவையில் வாண்டுமாமா இயற்கை எய்தினார்.

அவர் பெற்ற பரிசு வேறிடத்தில் இருக்கிறது. அவருடைய பழைய சித்திரக்கதைகளையும் பூந்தளிர் இதழ்களையும் பலர் இன்றும் தேடிச் சேகரிக்கின்றனர். அட்டை கிழிந்து, பக்கம் மங்கி, ஓரத்தில் ஏதோவொரு குழந்தை பென்சிலால் பெயர் எழுதிய படிகள் அவை. கதையின் இறுதிப்பக்கம் தொலைந்த படியைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் முடிவை அறிவதற்காக இன்னொரு படியைத் தேடுவோரும் அவர்களுள் உண்டு. பத்து வயதில் எழுந்த 'அப்புறம்?' என்னும் வினா ஐம்பது வயதிலும் அவர்களை விடவில்லை.

நிறைவாக

மேல்நிலை வகுப்பிற்கு வந்ததும் கதை படித்தல் காலத்தை வீணாக்குவது என்னும் எண்ணம் நம்மிடையே பரவுகிறது. தேர்வுக்கு உதவாததை விலக்கிவைக்கிறோம். அவ்வாறு விலக்கும்போது 'அப்புறம்?' என்று கேட்கும் ஆவலும் மெல்ல அடங்கிவிடக்கூடும். அது அடங்கிய உள்ளத்தில் 'எப்படி?' என்னும் வினாவும் நெடுநாள் நிலைக்காது. அப்போது பாடம் மனப்பாடமாக மட்டுமே எஞ்சும்.

அரிமளத்தில் பிறந்த ஒரு சிறுவர், தாம் வளர்ந்த பின்னும் அவ்விரு வினாக்களையும் விட்டுவிடாமல் காத்து, அடுத்தடுத்த தலைமுறைக் குழந்தைகளின் கையில் கொடுத்தார். நம் வீட்டிலும் ஊர் நூலகத்திலும் உள்ள சிறுவர் நூல்களை ஒருமுறை எடுத்துப் புரட்டுவோம். தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி ஒரு கதையை உரக்கப் படித்துக்காட்டுவோம். அவர்கள் கேட்கும் முதல் வினாவிற்கு நாம் விடைசொல்லத் தொடங்கும்போது, வாண்டுமாமா விட்ட இடத்திலிருந்து அப்பணி தொடரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வழங்கும் மாயக்கதை ஒன்றைக் கேட்டு எழுதுக. அக்கதையில் மாயத்திற்கு விதிக்கப்பட்டுள்ள வரம்பு யாது எனக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. அக்கதையின் ஒரு நிகழ்ச்சியை ஆறு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதையாக மாற்றுக. படம் சொல்வது, சொல் சொல்வது ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுக.
3. நீங்கள் அறிந்த பிறமொழிக் கதைமாந்தர் மூவருக்கு மோனை நயம் அமையுமாறு தமிழ்ப்பெயர் சூட்டுக.

மதிப்பீடு

குறுவினா
1. வாண்டுமாமாவின் புனைபெயர்களுள் மூன்றனைக் குறிப்பிடுக.
2. மயிற்பொறி இயங்கும் முறையை எழுதுக.

சிறுவினா
1. தொடர்கதை எழுதுவதற்கும் நூல் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.
2. 'வாண்டுமாமா' என்னும் பெயர் குழந்தைகளுக்கும் எழுத்தாளருக்கும் இடையே ஏற்படுத்தும் உறவினை எழுதுக.

நெடுவினா
1. 'மாயக்கதைகள் அறிவு வளர்ச்சிக்குத் துணைசெய்வனவா, தடையாவனவா?' – வாண்டுமாமாவின் நூல்களைச் சான்றாகக் கொண்டு உம் கருத்தினை நிறுவுக.